டீக்கடைச் சேவலுக்கு எத்தனை டிகிரி?

போன வெள்ளிக்கிழமை என் மகள் தமிழ்ச்செல்வி போன் செய்தாள். கால்நடை மருந்தகத்தில் உதவியாளராகச் சேர்ந்து அவளுக்கு ஒன்பதாவது நாள். "அப்பா, கோழிக்குக் காய்ச்சல்னா எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். கூடச் சேர்ந்த பிள்ளைகளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாளாம். அது எனக்குத் தெரியாது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து, இருமல் வந்து, கடைசியில் அவள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து போனைப் பிடுங்கி, "உங்கப்பாவுக்கு ஒண்ணுமில்லடி, கோழின்னு சொன்னியா, அதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிள்ளைகளே, அப்படிச் சிரித்தது தப்புதான். நீங்கள் ஒழுங்காகக் கேட்டீர்கள். அதற்குப் பரிகாரமாகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். புத்தகம் மாதிரி எழுத வராது. ஊசியை எங்கே போடுவது, மருந்தை எப்படிக் கலக்குவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்வது, ஒரு நாள் மத்தியானம் நான் ஒரு ஊரையே எப்படி முட்டாளாக்கினேன் என்பதை. தமிழ்ச்செல்விக்கே இதை முழுசாகச் சொன்னதில்லை. அப்பா என்று ஒரு மரியாதை இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்திருந்தேன். இப்போது அவளும் நம் துறைக்கு வந்துவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

வெண்ணாற்றங்கரையில் ஒரு ஊர். பேர் வேண்டாம், இதில் வருகிறவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அந்த ஊர் கால்நடை மருந்தகத்தில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வயது இருபது. எங்கள் தெருவில் முதன்முதலில் கவர்மெண்ட் சம்பளம் வாங்கியவன் நான். என் அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையின் சட்டைப்பையில் டாக்டர் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிவிட்டார். பேனா குத்துகிற இடத்தில் தெர்மாமீட்டர். நடையே மாறிவிட்டது எனக்கு.

கையில் கிடைத்ததற்கெல்லாம் காய்ச்சல் பார்த்தேன். பசு, எருமை, வண்டிமாடு, வெள்ளாடு, டீக்கடை வாசலில் படுத்திருக்கும் நாய். அந்த நாய் என்னைக் கண்டாலே வாலை இடுக்கிக்கொண்டு ஓடும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன்: 'மாடு 101½. இதற்கு மேல் காய்ச்சல்.' அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உலகத்தையே அளந்துவிடலாம் என்று நினைப்பு. கோழியை மட்டும் அதுவரை தொட்டதில்லை. கோழிக்குக் காய்ச்சல் பார் என்று யார் மருந்தகத்துக்கு வரப்போகிறார்கள்?

ஊர் அப்போது விறைத்துப்போய் இருந்தது. ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்த காலம். டீக்கடைப் பக்கம் கறுப்பு சிவப்புக் கொடி, கூலிக்காரர் தெருவில் செங்கொடி. அந்தத் தெருப் பெரியவர்கள் மிராசுதாரை 'ஆண்டே' என்று கூப்பிடுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு அது இன்னும் செரிக்கவில்லை. குறுவை முற்றிக் கதிர் சாய்ந்து கிடக்கிறது. கூலியை உயர்த்தாமல் அருவாளைத் தொடமாட்டோம் என்று தெருக்காரர்கள் நின்றுவிட்டார்கள். வெளியூர் ஆளை இறக்குவேன் என்று மிராசுதார். டீக்கடைக்கு எதிரே பள்ளிக்கூட வாசலில் ஒரு போலீஸ் வேன். பன்னிரண்டு நாளாக இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுவார்த்தை என்று தாசில்தார் வரச் சொல்லியிருந்தார்.

அந்தப் பதின்மூன்றாம் நாள் மத்தியானம்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

டாக்டர் தஞ்சாவூருக்கு மீட்டிங் போயிருந்தார். மிராசுதாரின் வரவுசெலவு, வண்டிமாடு, கோபம் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்ட காரியக்காரர் சைக்கிளில் வந்தார். "ஐயாவோட வெள்ளைக் கோழியெல்லாம் வாயப் பொளந்துகிட்டு நிக்குது, உடனே வாங்க" என்றார்.

மிராசுதார் அந்த வருஷம்தான் கோழிப்பண்ணை வைத்திருந்தார். புதுத் தகரக் கூரை, கம்பிவலை, லாரியில் வந்து இறங்கிய இருநூறு வெள்ளைக் கோழிகள். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவாராம். நெல்லைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை என்று ஊரில் பேச்சு.

நான் போனதும் முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். பிள்ளைகளே, இதை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். என் அப்பா அப்படி ஒரு முற்றத்தில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார விட்டதும் இல்லை. எனக்கு நாற்காலி. காரணம், சட்டைப்பையில் இருந்த அந்தக் கண்ணாடிக் குச்சி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் 'எனக்குத் தெரியாது' என்று எப்படிச் சொல்வான்?

கொட்டகைக்குள் கால் வைத்தால் அடுப்பு மாதிரி இருந்தது. புரட்டாசி வெயில், மேலே தகரம். கோழிகள் எல்லாம் சுவரோர நிழலில் நெருக்கியடித்து, வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு இரைத்தன. கம்பிவலை வழியாக ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழுந்த மூலையில் ஒரே ஒரு கோழி மட்டும் உப்பிப்போய், கண்ணை மூடி, சமர்த்தாக நின்றது. அதைப் பிடிக்கப் போனேன். காரியக்காரர் தடுத்தார். "அத விடுங்க தம்பி. அது பாட்டுக்கு நிம்மதியா வெயில் காயுது. வாயப் பொளக்குறதப் பாருங்க."

சரி என்று வாயைப் பிளந்ததைத் துரத்தினோம். மூன்று ஆள் சேர்ந்து கால் மணி நேரம் துரத்தி ஒன்றைப் பிடித்தோம். தெர்மாமீட்டரை வால் பக்கம் வைத்து எடுத்தேன். நூற்றியெட்டு.

எனக்குத் தலை சுற்றியது. மாடாக இருந்தால் இந்நேரம் செத்திருக்கும். உதறிவிட்டு மறுபடி வைத்தேன். நூற்றியெட்டு. இன்னொன்றைத் துரத்திப் பிடித்தோம். அதுவும் அப்படித்தான். ஐந்து கோழி பார்த்தேன், ஐந்தும் நோட்டின் முதல் பக்கத்தைத் தாண்டி எங்கேயோ போய் நின்றன.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னேன்: "கடுமையான காய்ச்சல். எல்லாத்துக்கும்."

மிராசுதார் முகம் வெளிறிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். வெளியிலிருந்து தொற்றியிருக்கலாம் என்று ஒரு வார்த்தை விட்டேன். காரியக்காரர் அதைத் தரையில் விழவிடவில்லை. "தெருக்கோழிங்கதான் ஐயா. நம்ம வேலியோரம்தான் மேயுதுங்க" என்றார்.

அரை மணி நேரத்தில் நான் கூலிக்காரர் தெருவில் இருந்தேன். அங்கேயும் துரத்தல். கோழிகள் கூரைமேல் ஏறின, வாய்க்காலில் குதித்தன, ஒன்று செங்கொடிக் கம்பத்தடிக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி வந்தது. பிடித்துப் பிடித்து வைத்துப் பார்த்தால் நூற்றியேழு, நூற்றியேழரை, நூற்றியெட்டு.

தெருவின் கடைசி வீட்டில் செங்கமலம் என்று ஒருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். சங்கச் செயலாளர் கோவிந்தனின் மனைவி. பதினோரு கோழி வைத்திருந்தார். தெருவிலேயே அதிகம் அவரிடம்தான். அவர் கோழியைத் துரத்தவில்லை. வாசலில் நின்று நான் துரத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏந்தம்பி, காலையில நாலு முட்டை வெச்சதுங்க. காய்ச்சல்ல படுத்தவ முட்டை வெப்பாளா?"

தெர்மாமீட்டர் பொய் சொல்லாது அக்கா என்றேன். அதைச் சொன்னபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. மிராசுதார் சொல்லி அனுப்பினார்: தெருக்கோழி அத்தனையையும் ஐந்து மணிக்குள் கொன்று புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சுவார்த்தைக்கு வரமாட்டேன், கம்பவுண்டரே நூற்றியெட்டு என்று சொல்லிவிட்டார். இதைக் கேட்டதும் கோவிந்தன் சங்கக்காரர்களைக் கூட்டினார்: வேலைநிறுத்தத்தை உடைப்பதற்காகப் பண்ணைக்காரர்கள் வரப்பில் விஷம் கலந்த நெல்லைத் தூவியிருக்கிறார்கள், அதற்கு அத்தாட்சி வேண்டுமா, கம்பவுண்டரே நூற்றியேழு என்று சொல்லிவிட்டார்.

ஒரே மத்தியானத்தில் இரண்டு கட்சிக்கும் நானே சாட்சி. வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் பின்னாலும் என் பேச்சை இத்தனை பேர் நம்பியதில்லை.

மூன்று மணிக்கு ஆற்றங்கரைப் புறம்போக்கில் குழி தோண்டி முடித்துவிட்டார்கள். பண்ணை ஆட்கள் தோண்டியது. ஆழமான குழி. செங்கமலத்தின் பதினோரு கோழியும் காலைக் கட்டி, நுணா மரத்து நிழலில் வரிசையாகக் கிடந்தன. மற்ற வீட்டுக் கோழிகளையும் பண்ணை ஆட்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காரியக்காரர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எடுத்து வந்தார். தொற்றுக் காய்ச்சல், அழிக்க வேண்டியது, இப்படிக்கு. கீழே என் கையெழுத்துக்கு இடம். போலீஸ்காரர் இருவர் வந்து நின்றார்கள். ஒரு பக்கம் மிராசுதார், அவருடைய ஆட்கள். மறுபக்கம் கோவிந்தன், தெரு ஜனங்கள். நடுவில் குழி. குழி ஓரத்தில் நான்.

கோழிகளைக் குழியில் போட்டால் வெட்டு விழும் என்று தெருப் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். வெட்டு, பார்க்கலாம் என்று பண்ணைப் பக்கத்தில் யாரோ. பேனாவைத் திறந்தேன்.

அப்போது செங்கமலம் என் பக்கத்தில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"கையெழுத்துப் போடுங்க தம்பி, வேணாங்கல. கூலியில்லாத பன்னெண்டு நாளா இதுங்க முட்டைதான் எங்க தெருவுல புள்ளைங்களுக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போடுங்க. காய்ச்சல் இல்லாத கோழிக்கு இந்தக் குச்சி எவ்வளவு காட்டும்?"

நோட்டைப் புரட்டினேன். கோழி என்ற வார்த்தையே அதில் இல்லை.

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நூற்றியொன்றரை என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? நோட்டில்கூட எழுதியிருக்கிறது. நாற்காலி ஞாபகம் வந்தது. தப்பு என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் வந்தது. அதோடு அந்தப் பதினோரு கோழியும் ஒரே வரிசையில் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தன. சத்தியமாகப் பார்த்தன.

"தெரியாதுக்கா" என்றேன். "நல்ல கோழிக்கு நான் பார்த்ததே இல்ல."

ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். காரியக்காரர், ஐயா இவன் விவரமில்லாதவன் என்றார். அரை மணி நேரம் முன்னால்வரை நான் 'வாங்க தம்பி'யாக இருந்தேன். கோவிந்தன், அப்போ விஷம் இல்லையா என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. நான் பேனாவை மூடிவிட்டுச் சொன்னேன்: "நல்லா இருக்குற கோழி ஒண்ணு குடுங்க. அதப் பார்த்துட்டுத்தான் எதுலயும் கையெழுத்து."

நல்லா இருக்கிற கோழிக்கு எங்கே போவது? தெருக்கோழி எதுவும் ஆகாது என்றார் மிராசுதார். பண்ணைக் கோழி எதுவும் ஆகாது என்றார் கோவிந்தன். இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்கிற கோழி அந்த ஊரில் இல்லை என்று ஆகிவிடும்போல் இருந்தது. அங்கே நின்ற போலீஸ்காரர்களில் ஒருவர் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே, "டீக்கடைச் சேவலுக்கு ஒண்ணும் கேடு இல்லைங்க. இன்னைக்குக் காலையிலகூட என்னைக் கொத்திச்சு" என்றார்.

அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அந்தச் சேவல் மிராசுதாரையும் கொத்தியிருந்தது. கோவிந்தனையும் கொத்தியிருந்தது. கட்சி பார்க்காத சேவல்.

பிடிக்கப் போனோம். அது பெஞ்சுக்கு அடியிலிருந்து எம்பிப் பாய்லர்மேல் ஏறி, அங்கிருந்து போலீஸ் வேன் கூரைக்குப் போனது. வேனைச் சுற்றிப் பத்துப் பேர். அங்கிருந்து வாய்க்கால் தாண்டிப் பறந்தது. பண்ணை ஆட்கள் அந்தக் கரை, தெரு ஆட்கள் இந்தக் கரை. "விடாத, உங்க பக்கம் வருது" என்று கத்துகிறார்கள். பன்னிரண்டு நாளில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிய முதல் பேச்சு அதுதான். காரியக்காரர் குறுக்கே பாய்ந்து சேற்றில் உட்கார்ந்தார். சேவல் அவர் தோளில் ஒரு கால் வைத்து எம்பி, பண்ணை வீட்டு வைக்கோல்போரின் உச்சிக்குப் போய் நின்று ஒரு கூவல் கூவியது. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

கோவிந்தன் பின்னால் ஏறி விரட்ட, அது முன்னால் குதிக்க, கீழே நின்ற மிராசுதார் தோள் துண்டை எடுத்து அதன்மேல் போட்டுக் குனிந்து அமுக்கிவிட்டார். இறக்கையை அவர் பிடித்துக்கொண்டார். சரிந்து இறங்கி ஓடிவந்த கோவிந்தன் காலைப் பிடித்துக்கொண்டார். தெர்மாமீட்டர் இரண்டு நிமிஷம் இருக்க வேண்டும். "ரெண்டு பேரும் அசையாமப் பிடிங்க" என்று நான் சொன்னேன். மிராசுதாருக்கு உத்தரவு போட்டேன் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. இரண்டு நிமிஷம் இருவரும் ஒரு சேவலை நடுவில் வைத்துக்கொண்டு மூக்குக்கு மூக்கு நின்றார்கள். கோவிந்தன் மீசையில் வைக்கோல். மிராசுதார் கன்னத்தில் ஒரு இறகு. யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் சேவல் நழுவிவிடும்.

எடுத்துப் பார்த்தேன். நூற்றியொன்பது.

"இதுக்கும் காய்ச்சல்" என்றார் காரியக்காரர், சேற்றோடு.

தெர்மாமீட்டரை உதறினேன். ஒரு சிரிப்பு கேட்டது. செங்கமலம். "இந்த ஓட்டம் ஓடுனா உங்களுக்கு எவ்வளவு காட்டும்? அதப் பஞ்சாரத்துல கவுத்து நெழல்ல வைங்க. மூச்சு வாங்கட்டும்" என்று சொல்லி, தன் வீட்டிலிருந்து பஞ்சாரத்தை எடுத்து வந்தார். கோழிகளைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடை அது. சேவலை அதற்குள் விட்டு நுணா மர நிழலில் வைத்தோம்.

பிறகு காத்திருந்தோம். ஊரே உட்கார்ந்துவிட்டது. மிராசுதாரும் வேரில் உட்கார்ந்தார். அவருக்கு நாற்காலி கொண்டுவர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கே தோன்றவில்லை. நாற்பது ஐம்பது பேர் ஒரு கூடையைச் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி கழித்து, கூடையோடு சாய்த்து, துரத்தாமல், மெதுவாகக் கையை விட்டுச் சேவலைப் பிடித்துப் பார்த்தேன். நூற்றியாறரை. கட்டிக் கிடந்த செங்கமலத்தின் கோழிகளைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரமாக நிழலில் ஓடாமல் கிடந்தவை. நூற்றியாறு. நூற்றியாறரை. நூற்றியாறு. பதினொன்றும்.

கோழிக்கு அதுதான் உடம்புச் சூடு என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. நம்மைவிட, மாட்டைவிடச் சூடான பிறவி அது. துரத்தினால் இன்னும் ஏறும், தகரக் கூரைக்குக் கீழே நிறுத்தினால் இன்னும் ஏறும். நான் அளந்தது காய்ச்சலை இல்லை, என்னுடைய துரத்தலை.

எழுந்து நின்று, காய்ச்சல் இல்லை, விஷமும் இல்லை, என்னுடைய தப்பு என்று சொன்னேன். கால்கட்டை அவிழ்த்ததும் கோழிகள் சடசடவென்று போன வேகத்தில் குழிக்குள் மண் சரிந்தது. தெருவில் ஒரே சிரிப்பு. பெண்கள் என்னை 'நூத்தியெட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த ஊரை விட்டு மாற்றலாகிப் போகும்வரை எனக்கு அதுதான் பேர்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. மணி நாலேகால்தான். பண்ணைக் கொட்டகையையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று போனேன். மிராசுதார், கோவிந்தன், செங்கமலம், இன்னும் பத்துப் பேர் பின்னாலேயே வந்தார்கள். ஒரு வெள்ளைக் கோழியை வெளியே நிழலுக்குக் கொண்டுவந்து தண்ணீர் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொண்டது. தகரத்தின்மேல் வைக்கோல் பரப்பினால் போதும் என்றேன்.

அப்போதுதான் அந்தக் கோழி கண்ணில் பட்டது. மத்தியானம் மேற்கு மூலையில், வெயிலில், உப்பிப்போய் நின்ற அதே கோழி. இப்போது வெயில் நகர்ந்து கிழக்குப் பக்கம் விழுந்திருந்தது. கோழியும் வெயிலோடேயே நகர்ந்து கிழக்கில் நின்றது. மற்றதெல்லாம் நிழலுக்கு அடித்துக்கொள்கிற கொட்டகையில், இது மட்டும் வெயிலைத் தேடித் தேடிப் போயிருக்கிறது.

பக்கத்தில் போனேன். ஓடவில்லை. காலைத் தொட்டேன். அந்தச் சூட்டில் கால் சில்லென்று இருந்தது. உடம்பு லேசாக நடுங்கியது. துரத்தாமல், சிரமமில்லாமல் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றிப் பத்து.

பிள்ளைகளே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். காய்ச்சல் ஏறுகிற கோழிக்குக் குளிரும். நமக்குக் காய்ச்சல் ஏறும்போது போர்வை தேடுவோமே, அதே மாதிரிதான். இறகை உப்பிப் போர்த்திக்கொள்ளும், ஒடுங்கும், வெயிலைத் தேடும், கால் சில்லிடும். சூடெல்லாம் உள்ளே போகும். இறங்கும்போதுதான் இறக்கையை விரிக்கும், தண்ணீர் குடிக்கும், கால் சுடும். வாயைப் பிளந்து அமர்க்களம் பண்ணுகிறதே, அதற்குப் பெரும்பாலும் வெக்கைதான். ஓடாத கோழியை முதலில் பாருங்கள். நான் அதைத்தான் விட்டேன், அது தொந்தரவு பண்ணாததால்.

இப்போது என் நிலைமையை யோசியுங்கள். மத்தியானத்திலிருந்து ஒரு தப்புச் சொல்லி, அதைத் திருப்பி வாங்கி, ஊர் சிரித்து, பேச்சுவார்த்தைக்கு அரை மணி நேரம் இருக்கிறது. கையில் நிஜமான காய்ச்சல். அதுவும் மிராசுதாரின் கோழிக்கு. பேசாமல் தெர்மாமீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கழிச்சல் நோயாக இருந்தால் ஒரு வாரத்தில் இந்த இருநூறும் போகும், தெருவில் உள்ளதும் போகும், அவ்வளவுதான்.

"ஐயா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஐயா, ஒண்ணே ஒண்ணுக்குக் காய்ச்சல் இருக்கு. அது உங்களோடது."

காரியக்காரர், 'நூத்தியெட்டு'க்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது என்றார். மிராசுதார் அவரைக் கையைக் காட்டி நிறுத்தினார். கோழியைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். அவர் தினமும் காலையில் பார்க்கிற கோழிகள். அவருக்கே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பிறகு அவர் கண் ஆற்றங்கரைப் பக்கம் போனது. குழி அங்கே திறந்துதான் கிடந்தது. காய்ச்சல் என்றால் அத்தனையையும் புதைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இருநூறு கோழி. கோவிந்தன் மீசையை மட்டும் தடவிக்கொண்டார். எல்லோரும் செங்கமலத்தைப் பார்த்தார்கள், ஏனென்று தெரியாமல்.

செங்கமலம் பஞ்சாரத்தை இடுப்பில் வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து அந்த வெள்ளைக் கோழிமேல் கவிழ்த்தார்.

"எங்க தெருவுல ஒண்ணுக்கு முடியலைன்னா ஒண்ணத்தான் தனியா கவுப்போம். தூரமா கொண்டுபோய் வெச்சு, தண்ணி வைங்க. மத்ததுங்க கிட்ட வராமப் பார்த்துக்குங்க."

மிராசுதார் கூடையை எப்போது திருப்பித் தரவேண்டும் என்று கேட்டார். உங்க கோழி எழுந்ததும் குடுங்க என்றார் செங்கமலம்.

ஐந்து மணிக்குப் பேச்சுவார்த்தை நடந்தது. தாசில்தார் மூக்கைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். இரண்டு பக்கமும் கோழி வாடை. கேட்டதில் பாதிக்கு மிராசுதார் இறங்கி வந்தார். சேவலை ஒன்றாகப் பிடித்ததால்தான் என்று நான் சொல்லமாட்டேன். கதிர் உதிர ஆரம்பித்திருந்தது, அதுதான் பெரிய காரணம். மறுநாள் அருவாள் வயலில் இறங்கியது. அதற்கு முன்னால், விடிந்ததும் கோவிந்தன் ஆட்கள் தகரக் கூரைமேல் வைக்கோல் பரப்பினார்கள். டாக்டர் வந்து இரண்டு பக்கத்துக் கோழிகளுக்கும் தடுப்பூசி போட்டார். என் நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் படித்தார். திட்டவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து, "நல்லா இருக்கிறதையெல்லாம் முதல்ல எழுது" என்றார். பத்து நாள் ஊரில் சுகமாக இருக்கிற ஆடு, மாடு, வாத்து, நாய் எல்லாவற்றையும் அளந்து எழுதினேன். அந்த நோட்டு தமிழ்ச்செல்வியின் பெட்டியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் பாருங்கள். ஓரம் கரையான் அரித்திருக்கும்.

நான்காம் நாள் காலையில் அந்த வெள்ளைக் கோழியைப் பார்க்கப் போனேன். தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு, பஞ்சாரத்தைச் சாய்த்துக் கையை உள்ளே விட்டேன். விட்டதுதான் தெரியும், விரலில் ஒரு கொத்து. ரத்தம் வந்துவிட்டது. கையை உதறுவதற்குள் அது வெளியே பாய்ந்து கொட்டகையைச் சுற்றி ஓடியது.

கூடையைத் திருப்பிக் கொடுக்கக் காரியக்காரர்தான் வந்தார். சைக்கிளில் வைக்க முடியாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெரு நீளத்துக்கு நடந்து வந்தார். கூடவே நான், விரலைச் சூப்பிக்கொண்டு. செங்கமலம் வாசலில் நின்று கூடையை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்.

"இப்ப எவ்வளவு காட்டுது, நூத்தியெட்டு?"

"அளக்கலக்கா. கொத்திடுச்சு."

"அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டார்.